பத்திரிகை வைத்தேன், வரமாட்டேன் என்கிறார் என் தெரபிஸ்ட்

மல்லிகா_கோவை | ஞாயிறு இரவு 9:40

சின்ன விஷயம்தான். ஆனால் நாலு நாளாக உறுத்துகிறது, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

பதினான்கு மாதமாக ஒரு மனநலத் தெரபிஸ்டிடம் போய்க்கொண்டிருக்கிறேன். புதன்கிழமை மாலை 5 மணி, 50 நிமிடம். ஒரு விபத்துக்குப் பிறகு பஸ்ஸைப் பார்த்தாலே கை நடுங்கும் எனக்கு. இப்போது உக்கடத்தில் ஏறித் தனியாகப் பாலக்காடு வரை போய் வருகிறேன். அதற்கு அவர்தான் காரணம்.

அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் வைத்து, உறவுக்காரர்களுக்குக் கொடுப்பதற்கு முன்பே அவருக்குப் பத்திரிகை கொண்டுபோனேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டார். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் எல்லாம் வாசித்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம் மல்லிகா. ஆனா நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். ஏன்னு அடுத்த வாரம் பேசலாமா?" என்றார். அதோடு நேரம் முடிந்துவிட்டது.

"கண்டிப்பா வர்றேன்" என்று சொல்லிவிட்டு வராதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே வரமாட்டேன் என்று சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

இன்னொன்று. போன தீபாவளிக்கு ஒரு காட்டன் புடவை எடுத்துப்போனேன், 1,800 ரூபாய். வாங்கவில்லை. ஆனால் அதே பையில் டப்பாவில் இருந்த அதிரசத்தை வாங்கிக்கொண்டார்! புடவை தப்பு, அதிரசம் மட்டும் சரியா? ஃபேஸ்புக்கில் ரிக்வெஸ்ட் கொடுத்தேன், அதுவும் அப்படியே கிடக்கிறது. இவர்களுக்கு என்னதான் ரூல்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரவி_ஈரோடு | ஞாயிறு இரவு 9:58

ஃபீஸ் வாங்குகிறார்கள், மணி அடித்தால் கடையைச் சாத்துகிறார்கள். இது தொழில் சகோதரி. உறவை எதிர்பார்த்தது உங்கள் தப்பு.

பழனிச்சாமி_பொள்ளாச்சி | ஞாயிறு இரவு 10:25

ரவி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் குடும்ப டாக்டர் எங்கள் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் வந்தவர். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, பாட்டிக்கு பிரஷர் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அதனால் அவர் வைத்தியம் கெட்டுப்போனதா? தெரபிஸ்ட் வருபவரோடு ஒட்டாமல் நிற்க வேண்டும் என்கிற இந்த "எல்லை" எல்லாம் வெளிநாட்டுக்காரன் புத்தகத்திலிருந்து எடுத்தது. நம் ஊரில் பத்திரிகை வைத்தால் வரவேண்டும், அவ்வளவுதான். வராவிட்டால் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

செல்வி_மதுரை | திங்கள் காலை 6:50

மல்லிகா, நான் பதினோரு வருடமாகக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். உங்கள் தெரபிஸ்டுக்காக நான் பேச முடியாது. என் மேஜைக்கும் பத்திரிகை வருகிறது, நான் என்ன நினைத்துப் போகாமல் இருக்கிறேன் என்று சொல்கிறேன்.

போனேன் என்றே வைத்துக்கொள்வோம். மண்டப வாசலில் பன்னீர் தெளித்து உள்ளே விடுகிறார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பார் வருவதற்குள் கேட்டுவிடுவார்: "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா? என்ன வேணும்?" நான் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் நீங்கள் என்னிடம் வருவது ஊருக்கே தெரிந்துவிடும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், 23-ஆம் பிரிவு, சிகிச்சைக்கு வருபவர் பற்றிய தகவலை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது எங்கள் கடமை என்கிறது. சரி, "காலேஜ் ஃபிரண்ட்" என்று பொய் சொல்கிறேன். நானும் நீங்களும் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றத் தொடங்குகிறோம். அடுத்த கல்யாணத்தில் அதை ஞாபகமாகத் தொடர வேண்டும்.

பந்தியைக்கூட சமாளித்துவிடலாம். எனக்குப் பயம் மொய் மேஜை.

எங்கள் பக்கம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெயர், ஊர், தொகை. வெறுங்கையோடு தாண்ட முடியாது. 500 எழுதினால் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். 5,000 எழுதினால் உங்கள் அப்பா "யாரும்மா இது?" என்பார். நோட்டில் ஏறிய பெயருக்குத் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியுமா? என் மகள் காதுகுத்துக்கு நீங்கள் வரவேண்டும். வராவிட்டால் எனக்கு மனத்தாங்கல், இல்லை, எனக்கு மனத்தாங்கல் இருக்குமோ என்று உங்களுக்கு ஒரு கவலை. அந்தக் கவலையோடு அடுத்த புதன்கிழமை வந்து "போன வாரம் நீங்க சொன்னது எனக்குப் பிடிக்கல மேடம்" என்று உங்களால் சொல்ல முடியுமா? சுற்றி வளைத்து நல்லவிதமாகப் பேசிவிட்டுப் போவீர்கள். உங்கள் அத்தையிடம் பேசுவதுபோல.

ரவி ஃபீஸைக் குறை சொன்னார். அந்த ஃபீஸில்தான் விஷயமே இருக்கிறது. கொடுத்துவிட்டு எழுந்தால் அன்றைய கணக்கு அன்றோடு தீர்ந்தது. நீங்கள் எனக்கு எதுவும் பாக்கி இல்லை, நன்றிகூட. எந்த உறவிலும் எல்லோரும் ஏதாவது ஒரு மொய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறார்கள்? அது இல்லாத ஒரு நாற்காலி வாரத்துக்கு 50 நிமிடம் கிடைக்கிறது. மண்டபத்துக்கு வந்து அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பழனிச்சாமி ஐயா, உங்கள் டாக்டர் பாட்டியின் பிரஷரைப் பார்த்தார். பாட்டிக்குத் தாத்தா மேல் நாற்பது வருடமாக இருந்த கோபத்தை அவர் கேட்டாரா? கேட்டிருந்தால் அதே பந்தியில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து அவரால் பாயசம் குடித்திருக்க முடியாது.

புடவையும் அதிரசமும்: எழுதிவைத்த ரூல் கிடையாது. பொதுவாக நான் பார்ப்பது விலை, எந்த நேரத்தில் வருகிறது, என்ன எதிர்பார்ப்போடு வருகிறது. பண்டிகைப் பலகாரம் தெருவுக்கே போவது, எனக்கும் வருகிறது. புடவை எனக்கென்று கடை ஏறித் தேர்ந்தெடுத்தது. அதை நான் கட்டினேனா இல்லையா என்று ஒவ்வொரு புதன்கிழமையும் உங்கள் கண் தேடும். 1993-இல் குதெயில், கப்பார்ட் என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். வழக்கத்தைவிட்டுக் கொஞ்சம் விலகுவது வேறு, வருபவருக்குத் தீங்கு வரும்படி மீறுவது வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார்கள். அதிரசம் முதல் வகை, அதிலும் சாதுவானது. ஆனால் ஒன்று, உங்கள் தெரபிஸ்ட் ஏன் வாங்கினார் என்று அவரிடமே கேளுங்கள். கேட்கலாம். கேட்பதற்குத்தான் அந்த நாற்காலி.

பழையபேப்பர் | திங்கள் மதியம் 1:15

"வெளிநாட்டுக்காரன் புத்தகம்" என்றதால் வருகிறேன். அந்தப் புத்தகத்தை எழுதியவர்களே முதலில் அந்த எல்லையில் நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

உளப்பகுப்பாய்வு என்ற பேச்சு சிகிச்சையைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1915-இல் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளிக்கு மருத்துவர் மேல் காதல் வந்தால், அது தன் அழகுக்கு வந்தது என்று மருத்துவர் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதில் ஒரு எச்சரிக்கை. யார் மேலோ இருக்க வேண்டிய பாசமும் கோபமும் எதிரில் இருப்பவர் மேல் வந்து உட்கார்ந்துகொள்வதைத்தான் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறார்கள். அதைத் தடுத்து விரட்டவும் கூடாது, அதற்கு இணங்கவும் கூடாது என்றார். இவ்வளவு தெளிவாக எழுதிய மனிதர், 1918-இல் தன் சொந்த மகள் ஆனாவுக்கே உளப்பகுப்பாய்வு செய்ய உட்கார்ந்தார். இன்றைக்கு யாராவது செய்தால் தொழிலைவிட்டே தூக்கிவிடுவார்கள்.

அவருடைய சீடர் ஃபெரென்சி, அன்பு கிடைக்காத நோயாளிகளுக்கு அன்பு காட்ட வேண்டும் என்று முத்தம் வரை அனுமதித்தார். 1931 டிசம்பரில் ஃப்ராய்ட் அவருக்கு எழுதிய கடிதம் பிரசித்தம். நீங்கள் முத்தத்தோடு நிறுத்துவீர்கள், உங்களுக்குப் பின்னால் வருபவர் அதோடு நிற்கமாட்டார் என்பது அதன் சாரம்.

நம் காலத்து உதாரணம் வேண்டுமா? அமெரிக்காவின் பீச் பாய்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த பிரையன் வில்சன். அவருக்கு யூஜீன் லாண்டி என்ற சைக்காலஜிஸ்ட். 24 மணி நேர சிகிச்சை என்று சொல்லிக் கூடவே ஆள் போட்டார். என்ன சாப்பிட வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் லாண்டிதான். முதலில் உடம்பு தேறியது என்பதையும் சொல்ல வேண்டும், எடை குறைந்து மேடைக்கு வந்தார் வில்சன். ஆனால் அதற்குள் லாண்டி தொழில் பங்காளியாகிவிட்டார். 1988-இல் வந்த வில்சனின் தனி ஆல்பத்தில் பாட்டு எழுதியவர் வரிசையில் சிகிச்சை தருபவர் பெயர்! 1989-இல் லாண்டி தன் உரிமத்தை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 1992-இல் வில்சனோடு தொடர்பே வைத்துக்கொள்ளக் கூடாது என்று நீதிமன்ற ஆணை வந்தது.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் விதிப்படி, சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு வருடமாவது ஆகாமல் பழைய கிளையண்ட்டோடு உடலுறவு கூடாது. அதற்குப் பிறகும், மிக அபூர்வமான சூழ்நிலையில் அன்றிக் கூடாது. சிகிச்சை நடக்கும்போது என்றால் பேச்சே இல்லை. இத்தனை பேர் மூக்குடைபட்ட பிறகுதான் அந்த விதியெல்லாம் வந்தது.

நிலா_தஞ்சை | திங்கள் இரவு 11:30

மல்லிகா, உங்கள் தெரபிஸ்ட் வரமாட்டேன் என்றதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னுடையவர் வருவேன் என்றார்.

ஊர், பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. விவாகரத்து நேரத்தில் ஒரு கவுன்சிலிங் சென்டருக்குப் போனேன். முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவர் தன் வீட்டுப் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கினார். "மத்தவங்ககிட்ட இதெல்லாம் சொல்லமாட்டேன், நீங்க வேற மாதிரி" என்றார். அந்த வார்த்தையில் நான் உருகிப்போனேன். என் கணவர் ஏழு வருடத்தில் ஒருமுறைகூட என்னை வேறு மாதிரி என்று சொன்னதில்லை.

அடுத்து நேரம் நீண்டது. ஒரு மணி நேரம் இரண்டாயிற்று. கடைசி அப்பாயின்ட்மென்டாகப் போடச் சொன்னார். இரவு 11 மணிக்கு வாட்ஸப்பில் "தூங்கிட்டீங்களா?" ஃபீஸ் வேண்டாம் என்றார், அதை நான் அன்பு என்று நினைத்தேன். என் அக்கா மகள் சடங்குக்கு வந்தார், அம்மாவிடம் நன்றாகப் பேசினார், அம்மா அவரை "தம்பி" என்றார். அடுத்த மாதம் 40,000 ரூபாய் கடன் கேட்டார். கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் கவனித்தேன், நான் அழ வேண்டிய நேரத்தில் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கையைப் பிடித்தார். எழுந்து வந்துவிட்டேன்.

இது நடந்து மூன்று வருடம். பணம் வரவில்லை. அதைவிட, இன்னொருவரிடம் போய் உட்கார்ந்து வாயைத் திறக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. செல்வி மேடம் சொன்ன ஃபீஸ் விஷயம் இன்றைக்குத்தான் புரிந்தது. என்னிடம் அவர் ஃபீஸ் வாங்காமல் விட்டது ஒரு மொய்தான்.

செல்வி_மதுரை | செவ்வாய் காலை 6:20

நிலா, நீங்கள் உருகியதில் தப்பே இல்லை. அந்த அறைக்குள் உருகலாம் என்றுதான் வருகிறீர்கள். உருகுகிறவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு எதிரில் இருப்பவருடையது. முழுக்க அவருடையது.

எங்கே புகார் செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணை முதல் நாளே கேட்கலாம். கேட்டால் கோபப்படுகிறவரிடம் இரண்டாம் நாள் போகவேண்டாம். மனநல மருத்துவர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. மருத்துவமனை, மனநல மையம் போன்ற இடங்களில் கிடைத்த சேவையில் குறை என்றால், 2017 சட்டத்திலேயே புகார் செய்யும் உரிமை இருக்கிறது. சிக்கல் வெறுமனே "கவுன்சிலர்" என்று போர்டு மாட்டியவர்களிடம்தான். ஆறு வாரம் டிப்ளமோ படித்தவரும் அந்தப் போர்டை மாட்டலாம். 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று வந்த தேசியச் சட்டத்தில் சில வகைக் கவுன்சிலர்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கையைப் பிடித்தது குற்றம், அதற்கு எந்தக் கவுன்சிலும் தேவையில்லை, காவல் நிலையம் போதும். போவதும் போகாததும் உங்கள் முடிவு.

இரவு 11 மணி பற்றி: என் கிளையண்ட்டுகளுக்கு நான் அந்த நேரத்தில் போன் எடுப்பதில்லை. எடுத்தால் ஒருநாள் எடுக்காமலும் போவேன், அன்றைக்கு விபரீதம் ஆகும். அதனால் முதல் நாளே 14416 எண்ணைக் கொடுத்துவிடுகிறேன். டெலி மானஸ், அரசு நடத்துவது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கணேஷ்_திருச்சி | செவ்வாய் காலை 10:05

எல்லோரும் எல்லையைப் புகழ்கிறீர்கள். மறுபக்கம் நான் சொல்கிறேன். அப்பா இறந்த வாரம் என்னால் போக முடியவில்லை. மெசேஜ் போட்டேன். பதிலுக்கு "24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யாததால் முழுக் கட்டணம் உண்டு" என்று வந்தது. கீழே ஜிபே எண். ஒரு வரி, ஒரே ஒரு வரி வருத்தம் தெரிவித்திருக்கலாம். பணத்தைக் கட்டினேன், அதோடு நிறுத்திவிட்டேன்.

செல்வி_மதுரை | செவ்வாய் காலை 10:40

கணேஷ், அது மோசம். அதை எல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் ஃபீஸைத் தள்ளுபடி செய்வதா வேண்டாமா என்று இரண்டு விதமாக வாதாடலாம். அப்பா இறந்ததற்கு ஒரு வரி வருத்தம் எழுதுவதில் வாதமே இல்லை.

கிளிநொச்சியான் | செவ்வாய் இரவு 8:15

எங்கட பக்கத்துக் கதையும் கேளுங்கோ. நான் உளவளத்துணையாளர். நீங்கள் கவுன்சிலர் என்கிறதை நாங்கள் இலங்கையில் அப்படித்தான் சொல்லுவம்.

மதுரை போன்ற நகரத்தில் செல்வி அக்காவால் ஒதுங்கி நிற்கலாம். 2009-இல் போர் முடிந்த பிறகு எங்கள் ஊரில் வேலை செய்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. என்னிடம் வருபவர் என் மச்சானின் வகுப்புத் தோழனாக இருப்பார், அல்லது முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர். அவர் இழந்ததை நானும் இழந்திருப்பேன். "தெரியாத ஆளாக இரு" என்று பாடப்புத்தகம் சொன்னால் நான் எந்த ஊருக்குப் போக?

கல்யாணத்துக்குப் போகாவிட்டால் எங்கட ஆட்கள் பொறுப்பினம். செத்த வீட்டுக்குப் போகாவிட்டால் பொறுக்கமாட்டினம். ஒருமுறை என்னிடம் வருகிற ஒரு அம்மாவின் தாயார் இறந்துபோனார். ஊரே போகிறது. நான் போகாமல் இருந்தால்தான் "இவருக்கும் அந்த வீட்டுக்கும் என்ன?" என்று கேள்வி வரும். போனேன். ஊராரோடு ஊராராகப் படலையடியில், அதாவது வெளிவாசலில் நின்றேன், பத்து நிமிடத்தில் வந்துவிட்டேன். தனியாக அவரிடம் போய்க் கதைக்கவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது முதல் வேலையாகக் கேட்டேன்: "நான் வந்தது உங்களுக்கு எப்பிடி இருந்தது?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்கள் அழாமல் நின்றது ஆறுதலாக இருந்தது, மற்ற எல்லாரையும் நான்தான் தேற்ற வேண்டியிருந்தது" என்றார்.

போகலாமா கூடாதா என்பதைவிட, போனதைப் பற்றிப் பிறகு கதைக்க முடிகிறதா என்றுதான் நான் பார்ப்பேன். நிலா சொன்ன ஆள் தான் சடங்குக்கு வந்ததைப் பற்றி ஒருநாளும் கதைத்திருக்கமாட்டார்.

நிலா_தஞ்சை | செவ்வாய் இரவு 8:50

இல்லை. ஒருநாளும் இல்லை.

ஸ்கூல்மிஸ்_நெல்லை | புதன் மதியம் 12:30

பள்ளியில் வேலை பார்க்கிறேன், அதனால் ஒரு சின்ன சேர்க்கை. பிள்ளைகள் கதவைச் சாத்தியதும் கேட்கும் முதல் கேள்வி, "யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல மிஸ்?" ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் மாட்டிக்கொண்டோம். போக்சோ சட்டம் 2012, 19-ஆம் பிரிவு. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாவிட்டால் எனக்கே தண்டனை. அதனால் பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே, எதைச் சொல்லமாட்டேன், எதைச் சொல்லியாக வேண்டும் என்று நான் சொல்லிவிடுவேன். சில பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடும். பத்து நாள் கழித்துத் திரும்பி வரும்.

அம்மாக்கள்தான் இன்னும் கஷ்டம். "பெத்தவ நான், என்கிட்ட சொல்லக்கூடாதா?" இதற்கு இன்னும் நல்ல பதில் என்னிடம் இல்லை.

மல்லிகா_கோவை | புதன் இரவு 9:10

எல்லோருக்கும் நன்றி. இன்று போய் வந்தேன்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், எனக்கு அவமானமாக இருந்தது என்று. அவர் மறுக்கவில்லை. "நான் வந்திருந்தா, உங்க அம்மாகிட்ட என்னை யாருன்னு சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் நான் இங்கே வருவது வீட்டில் யாருக்கும் தெரியாது. புதன்கிழமை தையல் கிளாஸ் என்று சொல்லியிருக்கிறேன். பதினான்கு மாதத் தையல் கிளாஸ், ஒரு ஜாக்கெட்கூடத் தைத்ததில்லை, அம்மா இதுவரை கேட்டதும் இல்லை. மீதி நேரம் முழுக்க அதைத்தான் பேசினோம். அம்மாவுக்குத் தெரிந்தே இருக்குமோ என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

கல்யாணம் முடிந்ததும் போட்டோ கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், பார்க்க ஆசையாம்.

அதிரசத்தையும் கேட்டேன். சிரித்துவிட்டார். "டப்பாவைக் கொடுத்தப்போ 'அம்மா செஞ்சது, பாகு பதம் தப்பிடுச்சுன்னு அழுதுட்டே செஞ்சாங்க'ன்னு சொன்னீங்க. அம்மாவைப் பத்தி நீங்க பேசினது அன்னிக்குத்தான் முதல் தடவை. வேண்டாம்னு சொல்லத் தோணல" என்றார். நான் அப்படிச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை.

நிலா, தனிமடல் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பழனிச்சாமி_பொள்ளாச்சி | வியாழன் காலை 7:20

அந்த மொய் நோட்டு விஷயம் இரண்டு நாளாக மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று பரண் மேலிருந்து எங்கள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 1998, என் கல்யாணம், டாக்டர் பெயருக்கு நேரே 501. அவர் பையன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தபோது நான் திருப்பூரில் மாட்டிக்கொண்டு போகவில்லை, திருப்பிச் செய்யவும் இல்லை. அதற்கப்புறம் காய்ச்சல் என்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற வேறு டாக்டரிடம்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.